ரெண்டுங்கெட்டான் ஏறிய மேடு

பல்லுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் முதலில் அவருடைய காரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். வேறு வழியில்லை. நேரில் போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் கெடக்குறேன் விடுங்க, வண்டி ஜோரா இருக்கு" என்பார். அதோடு விட்டால் நீங்கள் பிழைத்தீர்கள். விடமாட்டார்.

அவருக்குத் தொழில் பல்செட் செய்வது. வீட்டு முன்னறைதான் பட்டறை. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் அச்செடுத்து இவருக்கு அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அரம் போட்டு ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மேசை நிறைய யார் யாருடைய வாயோ திறந்து கிடக்கும். முதல்முறை வருகிறவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். தெருவில் போகும்போது இவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. வாயைத்தான் பார்ப்பார். "கல்யாணத்தப்போ என் வாயத்தான் பார்த்தாரு, இன்னைக்கு வரைக்கும் அத மூட வைக்கத்தான் பார்க்குறாரு" என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

இப்படி ஐம்பது வயது வரை அரத்தூளிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆடம்பரம் அந்தக் கார். சாதாரணக் கார் என்று சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார். பார்க்க ஜீப் மாதிரி உயரமும் இல்லை, கார் மாதிரி தாழ்வும் இல்லை. பின்பக்கம் நீளமாக வேகன் மாதிரி போகும். கூரைமேல் சாமான் கட்ட இரண்டு கம்பிகள். இதெல்லாம் வெளியில் தெரிகிற அழகு. உள்ளே இருக்கிற விசேஷம் வேறு. மற்ற கார்களில் எஞ்சின் இரண்டு சக்கரங்களைத்தான் சுழற்றும், மற்ற இரண்டும் கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற சொந்தக்காரர்கள் மாதிரி பின்னாலேயே உருண்டு வரும். இதில் நான்கு சக்கரங்களும் வேலை செய்யும். ஒன்று வழுக்கினால், பிடி கிடைத்திருக்கிற இன்னொன்றுக்குப் பலம் போய்ச் சேரும். சேறாகட்டும், மணலாகட்டும், மேடாகட்டும், ஏறிவிடும்.

ஏறிவிடும் சரி, எங்கே ஏறுவது? அவர்கள் ஊர் ரொட்டி தட்டிய பலகை மாதிரி சமதளம். தெருவெல்லாம் தார் ரோடு. அவர் பட்டறையிலிருந்து டாக்டர் வீடுகளுக்குப் பல்செட் கொண்டு போவதற்கு ஒரு சைக்கிளே அதிகம்.

காரைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கே மாமனார் அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். இப்போது மூட்டு இரண்டும் போய்க் கையில் கோலோடு நடக்கிறார். வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"என்ன மாப்ள இது? காரும் இல்ல, ஜீப்பும் இல்ல. ரெண்டுங்கெட்டான்!"

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரமே தெருவில் குழந்தைகூட "ரெண்டுங்கெட்டான் வருது" என்று வழிவிட்டது.

மனைவி கேலி செய்யவில்லை. அவளுக்கு உண்மையிலேயே கோபம். அவள் கேட்டது சின்னதாக ஒரு கார். இவர் வாங்கி வந்தது மலையேறுகிற வண்டி. யானையைக் கட்டித் தீனி போட நம்மால் ஆகுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு பந்தயமும் வைத்தாள்.

"ஒரு வருஷம் பார்ப்போம். இந்த நாலு சக்கரமும் உண்மையிலேயே தேவைப்பட்டு, ஒரே ஒரு தடவை நமக்கு உதவட்டும். அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லைன்னா வித்துட்டு நான் சொன்ன கார் வாங்கணும். சம்மதமா?"

"ஒரு வருஷம் எதுக்கு? முதல் மழைக்கே நீ என் கால்ல விழுவே," என்றார் பல்லுக்காரர்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். ஏனென்றால் அந்த அம்மாளுக்கு வேலை வானிலை நிலையத்தில். காலையில் போனதும் மழைமானியைத் திறந்து பார்ப்பது, காற்றை அளப்பது, மேகத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்வது. அந்த வருஷம் மழை பொய்க்கும் என்று அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்துதான் மழையின்மேல் பந்தயம் கட்டினாள் மகராசி.

அன்றிலிருந்து ஒரு சடங்கு ஆரம்பமாயிற்று. அவள் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே பல்லுக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார்.

"என்னம்மா, நாளைக்கு மழை உண்டா?"

"நல்ல வெயில்," என்பாள் அவள். அதைச் சொல்வதில் அவளுக்கு இருந்த ஆனந்தத்தைப் பார்க்கவேண்டுமே!

பல்லுக்காரர் செய்யாத முயற்சி இல்லை. குழியுள்ள தெருவாகத் தேடிப்பிடித்துப் போனார். நகராட்சி அதைத் தார் போட்டு மூடியது. மணல் குவித்திருந்த காலி மனையில் ஏற்றப் பார்த்தார். மேஸ்திரி கரண்டியோடு துரத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பின்தோட்டத்துக்குக் குழாயில் தண்ணீர் பாய்ச்சித் தானே ஒரு சேறு உண்டாக்கினார். அதற்குள் வண்டியை விடுவதற்கு முன்னால் மனைவி வந்து, அந்த இடத்தில் கீரை விதைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் ஒன்று, அந்த ஒரு வருஷமும் கார் சும்மா நிற்கவில்லை. பின் இருக்கையை மடித்தால் பாய் விரித்தது போலத் தட்டையாகிவிடும். வானிலை நிலையத்தின் நீளக் கம்பங்களையும் பெட்டிகளையும் மனைவியே அதில் படுக்கவைத்து எடுத்துப் போனாள். டிக்கி தாழ்வாக இருந்ததால் தூக்கி வைக்க யாரையும் கூப்பிடவேண்டியிருக்கவில்லை. ஞாயிறுதோறும் மாமனாரை வெளியே கூட்டிப்போவதும் இதில்தான். அவரும் திட்டிக்கொண்டே ஏறி, திட்டிக்கொண்டே இறங்குவார். இதையெல்லாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பல்லுக்காரரும் நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியது சேறு.

வருஷம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. மனுஷனுக்கு மெழுகில் பல் நேராக நிற்கமாட்டேன் என்றது. ஒரு டாக்டர் அம்மாவுக்குப் போகவேண்டிய கீழ்ப்பல்லை மேல்பல்லாகச் செய்து அனுப்பிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில்தான் வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. மனைவியின் தம்பி ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் செடிப் பண்ணை ஆரம்பித்திருந்தான். சனிக்கிழமை திறப்பு. சொந்தம் பூராவுக்கும் மதியச் சாப்பாடு. மெயின் ரோட்டிலிருந்து பண்ணைக்கு ஏறுவது செம்மண் பாதை, ஒரு பக்கம் ஓடை. செடிகளுக்குத் தினமும் காலையில் தண்ணீர் லாரி வருகிறது. இந்த விவரமெல்லாம் காதில் விழுந்ததும் பல்லுக்காரர் கண்ணில் ஒரு ஒளி வந்தது. அந்த ஒளி நல்லதற்கில்லை என்று நாம் இப்போதே சொல்லிவிடலாம்.

தண்ணீர் லாரி டிரைவருக்கு முன்பல் மூன்று இல்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். பல்லுக்காரர் தெரிந்த டாக்டரிடம் சொல்லி அச்செடுக்க வைத்து, மூன்று பல்லையும் அசல்போலவே செய்து, தம் கையாலேயே கொண்டு போய்க் கொடுத்தார்.

"சார், நான் என்ன கைமாறு செய்யப் போறேன்?" என்று டிரைவர் உருகினார்.

"ஒண்ணுமில்ல. சனிக்கிழமை காலைல ஏறும்போது அந்த மேட்டுல கொஞ்சம் தண்ணி சிந்துங்க. கொஞ்சம்தான். பாதை வழுக்கணும், அவ்வளவுதான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"நீங்க கவலைய விடுங்க சார்."

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள் அவர். அதுதான் வினையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி வந்து செருப்பைக் கழற்றினாள். பல்லுக்காரர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே மெருகேற்றிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. இருவரும் காரில் கிளம்பினார்கள். மாமனாரை வழக்கம்போல இதில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மைத்துனன் விடவில்லை. "இன்னைக்கு அப்பா என் கார்லதான் வந்து இறங்கணும்" என்று கூட்டிப்போய்விட்டான். அவன் கார் நீளமானது, பளபளப்பானது, தரையோடு தரையாகப் படுத்திருப்பது.

மேடு தொடங்கும் இடம் வந்ததும் பல்லுக்காரருக்கு வாயெல்லாம் பல். பாதை முழுக்கச் செந்நிறக் குழம்பு. கொஞ்சம் சிந்தச் சொன்னால் அந்தப் புண்ணியவான் ஒரு லாரித் தண்ணீரையும் நன்றியோடு கவிழ்த்திருக்கிறார். சொந்தக்காரர்களின் வண்டிகளெல்லாம் கீழேயே நின்றன. ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரப் புல்லில் நடந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அடடா, ராத்திரி இங்க நல்ல மழை போலிருக்கே!" என்றார்.

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் மழை பெய்தது என்று பொய் சொல்லலாம். அன்று காலை மழைமானியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவளிடம் சொல்லலாமா? சொன்னார்.

"அப்படியா?" என்றாள் மனைவி.

பல்லுக்காரர் உற்சாகமாக மேலே பார்த்தார். பாதி மேட்டில் மைத்துனனின் நீளக் கார் சிக்கி நின்றது. அவன் மிதிக்க மிதிக்கச் சக்கரம் அதே இடத்தில் சுழன்று சேற்றை வாரி இறைத்தது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி ஒரு முழம் ஓடைப் பக்கமாகச் சரிந்தது. 'சுத்தட்டும், நல்லா சுத்தட்டும்' என்று இவர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். அப்புறம்தான் அந்தக் காரின் முன் இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது.

மாமனார். மற்றவர்களெல்லாம் இறங்கி நடந்துவிட்டார்கள். அவரால் முடியவில்லை. குழி போன்ற அந்த இருக்கையிலிருந்து அவரைக் கிளப்பவே இரண்டு பேர் வேண்டும். கிளப்பினாலும் கோலை ஊன்றினால் சேற்றில் முழங்கை ஆழம் போகிறது. சதா பேசுகிற மனிதர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடையையே பார்த்துக்கொண்டு கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பிவிட்டோமே என்று பல்லுக்காரர் உள்ளுக்குள் கதறினார். பந்தயமும் மறந்தது, பவிசும் மறந்தது. தன்னால்தான் கிழவர் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நீ எறங்கிக்கோம்மா," என்றார் மனைவியிடம். குரலே மாறிவிட்டது. அவள் இறங்கினாள்.

ரெண்டுங்கெட்டான் சேற்றில் இறங்கியது. முன்சக்கரம் இரண்டும் வழுக்கின. வண்டி ஒருக்களித்து ஆடியது. பல்லுக்காரர் ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக அமுக்கவில்லை, மெழுகில் பல் நடுகிற அதே பொறுமையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். முன்னால் வழுக்கியதைப் பின்னால் இருந்த இரண்டும் தள்ளின. பிறகு எதற்கோ பிடி கிடைத்தது. அடிவயிறு உயரமாக இருந்ததால் சேறு தட்டவில்லை. மெல்ல மெல்ல ஊர்ந்துபோய் மாமனார் பக்கத்துக் கதவுக்கு எதிரில் தன் வண்டியின் பின்கதவு வரும்படி நிறுத்தினார்.

இவரும் மைத்துனனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி மாமனாரை நிறுத்தினார்கள். அதுதான் பெரும்பாடு. நின்ற பிறகு வேலையே இல்லை. அவர் அப்படியே திரும்பி உட்கார்ந்தார், இருக்கை சரியாக அவர் இடுப்பு உயரத்துக்குக் காத்திருந்தது. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார். குனியவும் இல்லை, ஏறவும் இல்லை.

பிறகு வண்டி ஏறியது. ஒரு தடவை திணறியது, ஒரு தடவை பின்னால் நழுவியது, மைத்துனனின் வெள்ளைச் சட்டையைச் செம்மண் நிறத்துக்கு மாற்றியது. அப்புறம் நான்கு சக்கரமும் ஒரே மனதாக இழுக்க, உறுமிக்கொண்டே உச்சிக்குப் போய் நின்றது. மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார்.

கிழவர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்றதும் நம் ஆளுக்குப் போன உயிர் திரும்பியது. உயிரோடு கூடவே பழைய புத்தியும் திரும்பியது. பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பார்த்தீங்களா? எந்தச் சக்கரத்துக்குப் பிடி இருக்கோ அதுக்குப் பலம் போகும். இதத்தான் நான் ஒரு வருஷமா சொல்றேன். இயற்கைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. எப்ப மழை வரும், எப்ப சேறாகும்னு யாருக்குத் தெரியும்?"

புல்லோரமாக ஏறி வந்த மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பண்ணைக் கொட்டகைப் பக்கமிருந்து தண்ணீர் லாரி டிரைவர் வந்தார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது, பாவம், வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் புதுப்பல் போட்டவரால் சிரிக்காமல் இருக்க முடியுமா? அத்தனை பேருக்கு நடுவில், பல்லுக்காரரைப் பார்த்து, முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

மனைவி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கணவன் செய்த பல் அவளுக்குத் தெரியாதா? மேல்வரிசையில் நடுப்பல்லை ஒரு நூல் முன்னே தள்ளி வைப்பது அவருடைய கைவழக்கம்.

"பல்லு ரொம்ப அழகா இருக்குதே. எப்ப போட்டீங்க?"

"இந்த வாரம்தாம்மா. சாரோட கைவேலை."

"நல்லது. என்ன கேட்டாரு உங்ககிட்ட?"

"சேச்சே, ஒண்ணுமே கேக்கல, தங்கமான மனுஷன். மேட்டுல கொஞ்சம் தண்ணி சிந்தச் சொன்னாரு. அவ்வளவு பெரிய மனசுக்குக் கொஞ்சமா? ஒரு லாரியா ஊத்திட்டேன்." அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கை தானாகப் போய் வாயை மூடியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே நுணலோடு சேர்ந்து பல்லுக்காரரும் கெட்டார்.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. சிரிக்காதவன் மைத்துனன் ஒருவன்தான். "அத்தான்! என் காரு!" என்று அலறினான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இனி வழியில்லை. பல்லுக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. "கொஞ்சம் சிந்தத்தான்மா சொன்னேன். அப்பா அந்தக் கார்ல வருவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அவரு முகத்தப் பார்த்தப்போ உசுரே போயிடுச்சு. என்னைய மன்னிச்சுடு."

"மன்னிப்பு அப்புறம். பந்தயத்துக்கு வாங்க. தேவைப்பட்டு உதவணும்னு சொன்னேன். தேவைய நீங்களே உண்டாக்குனா அது கள்ளாட்டம். கள்ளாட்டம் ஆடுனவங்க தோத்ததாத்தான் கணக்கு."

நியாயம்தான். பல்லுக்காரர் சேறு அப்பிய வண்டியைத் தடவிக்கொடுத்தார். "சரி, வித்துடலாம்," என்றார். ஐம்பது வயது மனிதர், சின்னப் பிள்ளை போல மூக்கை உறிஞ்சினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் இருக்கான். நாளைக்கே வந்து எடுத்துக்குவான்," என்றான் மைத்துனன், சட்டையைப் பிழிந்துகொண்டே.

"எவன்டா அவன்?"

குரல் காருக்குள்ளிருந்து வந்தது. மாமனார் இன்னும் இறங்கவில்லை என்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

"நான் உள்ள உக்காந்திருக்கேன், நீங்க வெளிய நின்னு வெல பேசுறீங்களா? உன் காருல என்னை ஏத்த ரெண்டு பேரு, எறக்க ரெண்டு பேரு. நான் என்ன மூட்டையா? முப்பது வருஷம் மூட்டைய ஏத்தி எறக்குன எனக்கு அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? ஞாயித்துக்கிழம ஒரு நாளு, இந்த ரெண்டுங்கெட்டான்ல, நானே ஏறுறேன், நானே எறங்குறேன். அன்னைக்கு ஒரு நாளுதான்டா நான் மனுஷன்."

சொல்லிவிட்டு, கதவைத் தள்ளி, காலை வெளியே போட்டு, எழுந்து நின்றார். ஒருவர் கையும் படாமல் நின்றார். கோலைக் காரிலேயே விட்டுவிட்டு இரண்டு எட்டு நடந்துபோய் அங்கே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்பாடு எங்க?" என்றார்.

ஒரு வருஷமாகச் சேற்றைத் தேடி அலைந்த பல்லுக்காரர், ஞாயிறுதோறும் தன் பக்கத்து இருக்கையிலேயே நடந்ததைக் கவனிக்கவில்லை. மனைவி கண்ணைத் துடைத்தாள், அதை மறைக்கவும் இல்லை.

"வண்டி இருக்கட்டும்," என்றாள். "அப்பாவுக்காக. உங்களுக்காக இல்ல. உங்களுக்கு வேற வேல இருக்கு." கொட்டகையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். "தம்பி காரு மேல வரணும். பாதை பழையபடி ஆகணும். அப்புறம்தான் சாப்பாடு."

பல்லுக்காரர் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கினார். துணைக்கு லாரி டிரைவரும் வந்தார். இருவரும் நீளக் காரின் சக்கரத்தடியில் தோண்டிச் சரளைக்கல்லைப் போட்டார்கள், ரெண்டுங்கெட்டானின் கொக்கியில் கயிற்றைக் கட்டினார்கள். நான்கு சக்கரமும் முனகாமல் இழுத்து அதை மேலே கொண்டுவந்து சேர்த்தன. பல்லுக்காரர் தலையிலிருந்து கால் வரை செம்மண்ணாக நின்றார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி.

மனைவி மேட்டின் விளிம்பில் வந்து நின்று அவர் பாதையைச் சீர்ப்படுத்துவதைப் பார்த்தாள்.

"ரொம்பப் பாடுபட்டுச் சரி பண்ணாதீங்க. நாளைக்கு எப்படியும் கரைஞ்சுடும். பெரிய மழை வருது."

மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. பந்தயக் கெடு முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி.

"நாளைக்கா? நெசமாவா? உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே தெரியும்."

"அடிப்பாவி! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வருஷம் பூரா தினமும் வாசல்ல நின்னு கேட்டீங்க, தினமும் சொன்னேன். நேத்து ஒரு நாளுதான் நீங்க கேக்கல. அப்பவே நெனைச்சேன், மனுஷன் எங்கயோ மழைக்குச் சொல்லி வெச்சுட்டாருன்னு."